ஹைக்கிங், டிராம்பிங், புஷ்வாக்கிங்: ஊருக்கு ஊர் மாறும் மலைநடைச் சொற்கள்

கேள்வி: ‘ஹைக்கிங், ட்ரெக்கிங், ரேம்பிளிங், டிராம்பிங், புஷ்வாக்கிங் எல்லாமே காட்டிலும் மலையிலும் நடப்பதுதானே? நாடு மாறினால் பெயர் மட்டும்தான் மாறுகிறதா? வெளிநாட்டில் நடக்கப் போகிறவர் இதில் எதையாவது கவனிக்க வேண்டுமா?’

செயல் ஒன்றுதான். ஹைக்கிங் என்று சொன்னால் ஆங்கிலம் பேசும் எந்த ஊரிலும் இன்று புரிந்துகொள்வார்கள். நீங்கள் பேசுவதில் சிக்கல் வராது, அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதுதான் வரும். அந்தந்த ஊர்க்காரர் தம் சொல்லைப் பயன்படுத்தும்போது, பாதை யாருடைய நிலத்தில் போகிறது, வழியில் அடையாளம் இருக்குமா, ராத்திரி எங்கே தங்குவது, ஆற்றுக்குப் பாலம் உண்டா என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் அது தெரியாமல் கிளம்பினால் மாட்டிக்கொள்கிறார். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும்தான் குழப்பம் அதிகம் என்பதால் அந்த இரண்டைப் பற்றியும் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் அடிப்படைச் சொல் ‘வாக்’. அமெரிக்கருக்கு வாக் என்றால் சாப்பிட்டபின் தெருவை ஒரு சுற்று சுற்றி வருவது. இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்த ஒருவர் ‘ஞாயிற்றுக்கிழமை ஒரு வாக் போகலாமா’ என்று கேட்டால், 16 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம், நாள் முழுக்கச் சாரல் என்று எல்லாமே அதில் அடக்கம். இங்கிலாந்தின் மேற்குக் கடலோரத்திலிருந்து கிழக்குக் கடலோரம் வரை போகும் சுமார் 300 கி.மீ. வழிக்கும் ‘கோஸ்ட் டு கோஸ்ட் வாக்’ என்றே பெயர். ஆகவே பிரிட்டிஷ் வழிகாட்டியில் வாக் என்று பார்த்துவிட்டு கேன்வாஸ் ஷூவோடு கிளம்பக் கூடாது. தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட அங்கே எல்லோரும் பயன்படுத்துவது, ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி. இன்றைய அளவில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மேலே சொன்ன 16 கி.மீ., 900 மீட்டர் வழியை இதில் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு 3 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், மொத்தம் 4 மணி 42 நிமிடம். சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது எதுவும் இதில் சேரவில்லை. பழக்கமில்லாதவர் பாதியளவு நேரத்தை மேலே கூட்டிக்கொள்வது நல்லது. டிசம்பரில் ஸ்காட்லாந்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அங்கே இந்தக் கூட்டல் உயிர் காக்கும் கணக்கு.

வாக் என்பதற்கு முன்னால் எந்த நிலம் வருகிறது என்பதும் முக்கியம். ஹில்வாக்கிங் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பேச்சு. ஃபெல்வாக்கிங் லேக் டிஸ்ட்ரிக்ட்டிலும் அதை ஒட்டிய வட இங்கிலாந்திலும் வழங்குவது. ஃபெல் என்பது வைக்கிங்குகள் விட்டுச்சென்ற நார்ஸ் மொழிச் சொல், மரமில்லாத மேய்ச்சல் மலை என்று பொருள். ஓடைக்குப் ‘பெக்’, மலைமேல் இருக்கும் சிறு ஏரிக்குத் ‘டார்ன்’ என்று அந்தப் பகுதி வரைபடத்தில் வருவனவும் அதே வழியில் வந்தவை. ஹில், ஃபெல் என்ற சொற்களைப் பார்த்து குன்று என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர்தான், பிரிட்டனிலேயே உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். ஆனால் ஏறத்தாழ கடல்மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்குகிறீர்கள், மேலே காற்றும் மூடுபனியும் நிமிடத்தில் மாறும். குளிர்காலத்தில் பென் நெவிஸுக்கு ஹில்வாக்கிங் போகிறேன் என்று உள்ளூர்க்காரர் சொன்னால், கையில் பனிக்கோடரியும் காலில் கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்பு முள்) இருக்கும் என்று கொள்ள வேண்டும்.

ரேம்பிளிங் கொஞ்சம் தனிக்கதை. அகராதியில் ‘இலக்கில்லாமல் சுற்றுவது’ என்றுதான் இருக்கும், அமெரிக்கரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். இங்கிலாந்தில் அதற்கு உரிமைப் போராட்டத்தின் வரலாறு இருக்கிறது. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக மேட்டு நிலங்களுக்கு நடந்தார்கள். அந்த நிலமோ பிரபுக்களின் வேட்டைக்காடு. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கௌட் மேட்டில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1935-இல் ரேம்பிளர்ஸ் சங்கம் உருவானது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப்பாதைகளைப் பதிவு செய்வதற்குமான சட்டம் வந்தது. 1965-இல், அதே ஏப்ரல் 24 அன்று, பென்னைன் வே என்ற 431 கி.மீ. வழி திறக்கப்பட்டது. மேடு, கரம்பு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. இன்று ‘ரேம்பிள்’ என்ற சொல்லில் பெரும்பாலும் தாழ்நிலம், வயல்வெளி, குழுவாக நடப்பது, வழியில் ஒரு பப் என்ற தொனி இருக்கிறது. செங்குத்தான மலைக்குப் போகிறவர் தன்னை ரேம்பிளர் என்று சொல்லிக்கொள்வது குறைவு.

இந்தச் சட்ட வரலாறு வரைபடத்தில் அப்படியே தெரியும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் பச்சைக் கோடுகளும் கறுப்புக் கோடுகளும் விட்டுவிட்டுப் போகும். பச்சைக் கோடு சட்டப்படி நடக்க உரிமை உள்ள வழி. அங்கே தரையில் பாதை தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, உழுத வயலின் நடுவே கூடப் போகலாம். கறுப்புக் கோடு தரையில் கண்ணுக்குத் தெரியும் பாதை. அதில் நடக்க உரிமை இருக்கிறது என்று பொருளில்லை. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பச்சைக் கோட்டில் பாதையைக் காணோம் என்று திகைப்பார்கள், கறுப்புக் கோட்டில் போய் பூட்டிய கேட்டில் முட்டுவார்கள். வெளிர்மஞ்சள் பூசிய பகுதி என்றால் விலகி நடக்கலாம், அங்கே கறுப்புக் கோட்டிலும் தாராளமாகப் போகலாம். தரையில் கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் ‘பப்ளிக் ஃபுட்பாத்’, நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு ‘பிரைடில்வே’, குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நம் ஊரில் ஃபுட்பாத் என்றால் சாலையோர நடைமேடை, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அப்படியே. இங்கிலாந்தில் அது சேற்று வயலின் குறுக்கே போகும் சட்டபூர்வமான வழி. பிரைடில்வே உட்பட நடக்க உரிமையுள்ள எல்லா வழிகளையும் சேர்த்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கி.மீ. இருக்கின்றன.

ஸ்காட்லாந்து வேறு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் ஏறக்குறைய எங்கும் நடக்கலாம், கூடாரமும் போடலாம். அதனால் அங்கே வரைபடத்தில் பச்சைக் கோடே கிடையாது. அதைத் தேடி ‘இங்கே போகவே முடியாது போலிருக்கிறது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே ‘பேகிங்’ என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். சர் ஹியூ மன்றோ 1891-இல் 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களைப் பட்டியலிட்டார். இன்றைய பட்டியலில் 282 இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஏறித் தீர்ப்பதே மன்றோ பேகிங். ‘பாத்தி’ என்பது மலைநடுவே திறந்து விட்டிருக்கும் பழைய கல்வீடு. காசு கிடையாது, முன்பதிவும் கிடையாது. படுக்கை, மின்சாரம், குழாய்த் தண்ணீர், பெரும்பாலும் கழிப்பறையும் கிடையாது. தூங்கும் பை, தரைப்பாய், அடுப்பு எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். இடமில்லாமல் போகலாம் என்பதால் கூடாரமும் எடுத்துக்கொள்வதே சரி.

பிரிட்டனில் கிளைம்பிங் என்றால் கயிறு கட்டி ஏறுவது. நடையும் கையும் சேர்ந்த நடுநிலைக்கு ‘ஸ்கிராம்பிளிங்’ என்று தனிப் பெயர், 1 முதல் 3 வரை தரமும் உண்டு. வேல்ஸின் யர் வித்ஃபா (ஸ்னோடன்) மலையில் இருக்கும் கிரிப் கோச் முகடு வெறும் தரம் 1-தான். முதல் தரம் என்றால் சுலபம் என்று தோன்றும், ஆனால் கத்தி முனை போன்ற அந்த முகட்டில் இரண்டு பக்கமும் அதல பாதாளம். மலையில் நடந்து பழகாதவர் அங்கே போகக் கூடாது. அமெரிக்கர் ‘ஐ கிளைம்டு எ மௌன்டன்’ என்று சொன்னால் பாதையில் நடந்தே உச்சிக்குப் போனதாகவும் இருக்கலாம். மலேசியாவில் 4,095 மீட்டர் கினபாலுவுக்கும் கிளைம்ப் என்றே சொல்வார்கள், அது படிகளும் கைப்பிடிக் கயிறும் உள்ள நடைதான்.

அமெரிக்காவில் ஹைக் என்றால் பகலில் போய்த் திரும்புவது. அரை மணி நேரமும் ஹைக், பன்னிரண்டு மணி நேரமும் ஹைக். இரவு தங்கினால் ‘பேக்பேக்கிங்’. இதுதான் கடல் தாண்டும்போது அதிகம் குழப்பும் சொல். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பேக்பேக்கிங் என்றால் மலிவான விடுதிகளில் தங்கி ஊர் ஊராகச் சுற்றுவதும்தான். சிட்னியிலோ ஆக்லாந்திலோ ‘பேக்பேக்கர்ஸ்’ என்ற பலகையைப் பார்த்தால் அது விடுதி. நீண்ட வழி ஒன்றை முனையிலிருந்து முனை வரை ஒரே மூச்சில் முடிப்பது ‘த்ரூ-ஹைக்’. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. போகும் அப்பலாச்சியன் டிரெய்லில் 12 மாதத்துக்குள் முடித்தால் அந்தப் பெயர் கிடைக்கும். துண்டு துண்டாகப் பல ஆண்டுகளில் முடிப்பது ‘செக்‌ஷன் ஹைக்’.

அப்பலாச்சியன் டிரெய்லில் வழியைக் காட்டுவது மரத்தில் பூசிய வண்ணப் பட்டை, ‘பிளேஸ்’ என்பார்கள். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், வெள்ளை. இரண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். நீலப் பட்டை தண்ணீருக்கோ தங்குமிடத்துக்கோ பிரியும் கிளைவழி. கடைசியாகப் பட்டையைப் பார்த்து வெகுதூரம் வந்துவிட்டால், தொடர்ந்து போகாமல் அந்தக் கடைசிப் பட்டை வரை திரும்பி வர வேண்டும். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள், நயாகராவிலிருந்து டோபர்மோரி வரை சுமார் 900 கி.மீ. போகும் புரூஸ் டிரெய்லில் இதே வெள்ளை, நீல முறையைப் பார்க்கலாம். பாதையை விட்டுப் புதருக்குள் நுழைந்து போவது அமெரிக்காவில் ‘புஷ்வேக்கிங்’. உச்சரிப்பில் ஆஸ்திரேலியாவின் புஷ்வாக்கிங்குக்கு மிக அருகில் இருப்பதால் தொலைபேசியில் பேசும்போது உண்மையாகவே மாறிக் கேட்டுவிடும். முன்னது வழியில்லாத இடத்தில் திசைகாட்டியோடு முண்டுவது, பின்னது எல்லா நடைக்கும் பொதுப்பெயர். ஆஸ்திரேலியர் அதே முண்டலுக்கு ‘ஸ்கிரப்-பேஷிங்’ அல்லது ‘புஷ்-பேஷிங்’ என்பார்.

இப்போது நியூசிலாந்து. அங்கே ‘டிராம்பிங்’. இங்கிலாந்தில் டிராம்ப் என்றால் வீடில்லாமல் அலைபவர், அமெரிக்காவில் பெண்ணைக் குறித்தால் வசை. நியூசிலாந்தில் அது மரியாதையான சொல். வெலிங்டனில் தராருவா டிராம்பிங் கிளப் 1919-லேயே தொடங்கிவிட்டது. அரசு இணையதளத்திலும் பலகையிலும் ‘வாக்’, ‘டிராம்ப்’ இரண்டும் கறாராகப் பிரிக்கப்பட்டிருக்கும். நான் பார்த்தவரை வெளிநாட்டவர் இந்தப் பிரிவை லேசாக எடுத்துக்கொள்வதுதான் அங்கே முதல் தவறு. ‘ஷார்ட் வாக்’ ஒரு மணி நேரம் வரை, நல்ல தளம். ‘வாக்கிங் டிராக்’ சில நிமிடத்திலிருந்து ஒரு நாள் வரை, பெரும்பாலும் செப்பனிட்டது, ஆறு ஓடைகளுக்குப் பாலம் இருக்கும். ‘கிரேட் வாக்’ பல நாள் வழி, ஆனால் நன்றாகப் பராமரிக்கப்படுவது. ‘டிராம்பிங் டிராக்’ என்று வந்துவிட்டால் வேர், சேறு, செங்குத்து, பாலமில்லாத ஓடை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. கடைசியாக ‘ரூட்’. இந்த ஒரு சொல்லைக் கண்டால் நின்று யோசியுங்கள். நமக்கு ரூட் என்றால் பஸ் ரூட் போலத் தெளிவான வழி. அங்கே அதற்கு, தரையில் பாதை போடப்படவில்லை, அடையாளமும் குறைவாகவே இருக்கும், வழி கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு என்று பொருள்.

காட்டுக்குள் ஆரஞ்சு முக்கோணத் தகடு மரங்களில் அறைந்திருக்கும். மரங்கள் முடியும் எல்லைக்கு ‘புஷ்லைன்’, அதற்கு மேல் கம்பங்களும் கற்குவியல்களும். பலகைகளில் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கு அதிகம் தென்படும். அது பழகிய டிராம்பரின் நேரம். முதல் நாள் உங்கள் நேரத்தைப் பலகையோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தை மறுநாளுக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

மலைவழியில் தங்கும் குடிலைக் குறிக்கும் ‘ஹட்’ என்ற சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். ஆல்ப்ஸ் மலையில் ஹட் என்றால் ஆள் இருப்பார்கள், சூடான சாப்பாடு கிடைக்கும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் இருக்கும் எட்டு ஹட்டுகளிலும் பருவத்தில் சாப்பாடு உண்டு, ஆனால் அப்பலாச்சியன் டிரெய்லின் மற்ற இடங்களில் மூன்று சுவரும் கூரையும் மட்டும் கொண்ட ‘ஷெல்டர்’ அல்லது ‘லீன்-டு’தான். நியூசிலாந்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் 950-க்கும் மேற்பட்ட ஹட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மெத்தை போட்ட படுக்கைத் தட்டு, மழைநீர்த் தொட்டி, வெளியே குழிக் கழிப்பறை. சாப்பாடோ கடையோ கிடையாது, அடுப்பும் பாத்திரமும் தூங்கும் பையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஹட் பாஸ் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கிரேட் வாக் வழிகளில் பருவகாலத்தில் அந்தப் பாஸ் செல்லாது, தனி முன்பதிவு வேண்டும். 53.5 கி.மீ. மில்ஃபர்ட் டிராக்கில் பருவத்தில் நாளொன்றுக்கு 40 சுயேச்சை நடையாளர்களுக்கே அனுமதி, அதுவும் ஒரே திசையில். ஒவ்வொரு ஹட்டிலும் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், தேதி, அடுத்து போகப்போகும் வழி மூன்றையும் எழுதுங்கள், அங்கே தங்காமல் கடந்து போனாலும் எழுதுங்கள். தேடுதல் குழு முதலில் புரட்டுவது அதைத்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஆற்றைக் கடப்பது. 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கிச் சாவதற்கே ‘நியூசிலாந்து மரணம்’ என்று பெயர் இருந்தது. ஒரு டிராம்பில் பாலமில்லாத கடவு இருந்தால், தண்ணீர் நீங்கள் நடக்கும் வேகத்தைவிட வேகமாக ஓடினால், கலங்கலாக இருந்தால், அடியில் கற்கள் உருளும் ஓசை கேட்டால், மரக்கிளை மிதந்து வந்தால், கடக்கவே கூடாது. மழை நின்று சில மணி நேரத்தில் பல ஆறுகள் இறங்கிவிடும். அதனால் உள்ளூர்க்காரர் ஒரு நாள் சாப்பாடும் ஒரு நாள் விடுப்பும் கூடுதலாக வைத்துக்கொண்டே கிளம்புவார். திரும்பும் விமானத்தை நடை முடியும் மறுநாளே போட்டுவைப்பவர்கள்தான் ஆற்றில் அவசரப்படுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ‘புஷ்’ என்றால் புதர் அல்ல, ஊருக்கு வெளியே உள்ள இயற்கை நிலம் முழுக்க. 1927-இல் சிட்னி புஷ் வாக்கர்ஸ் என்ற சங்கம் பெயர் சூட்டிக்கொண்ட பிறகு புஷ்வாக்கிங் என்ற சொல் பரவியது. அங்கே வழிகளுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. தரம் 1 சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. தரம் 3 வரை குடும்பத்தோடு போகலாம், தூரம் 20 கி.மீ. வரை இருக்கலாம். தரம் 4-இல் அனுபவம் வேண்டும். தரம் 5 வழி காணவும் முதலுதவி செய்யவும் தெரிந்தவருக்கு மட்டும். இந்த எண்ணை பிரிட்டிஷ் ஸ்கிராம்பிளிங் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆஸ்திரேலிய 1-க்கும் கிரிப் கோச்சின் 1-க்கும் ஒட்டே இல்லை. டாஸ்மேனியாவின் 65 கி.மீ. ஓவர்லேண்ட் டிராக்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை முன்பதிவு செய்து வடக்கிலிருந்து தெற்காக மட்டுமே நடக்க வேண்டும். மற்ற இடங்களில் பெரிய கவலை தண்ணீரும் தீயும். வரைபடத்தில் ‘கிரீக்’ என்று நீலக்கோடு போட்டிருந்தாலும் கோடையில் அது வறண்ட மணலாக இருக்கலாம்.

கிரீக்கைப் பற்றிச் சொன்னதால் நிலச் சொற்களையும் தொட்டுவிடுகிறேன். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிரீக் என்றால் ஓடை, இங்கிலாந்தில் கடல் ஏறி இறங்கும் கழிமுகக் கால்வாய். ஓடைக்கு ஸ்காட்லாந்தில் ‘பர்ன்’. ‘டிராக்’ நியூசிலாந்தில் நடைபாதை, பிரிட்டனில் ஜீப் போகும் அகல மண்சாலை. இரண்டு உச்சிகளுக்கு நடுவே தாழும் கணவாய்க்குத்தான் எத்தனை பெயர்! தெற்கு அப்பலாச்சியாவில் ‘கேப்’, நியூ இங்கிலாந்தில் ‘நாட்ச்’, நியூசிலாந்தில் ‘சேடில்’, லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ‘ஹாஸ்’, ஸ்காட்லாந்தில் ‘பெலக்’, வேல்ஸில் ‘புல்க்’, தென்னாப்பிரிக்காவில் ‘நெக்’, இமயமலையில் ‘லா’. வரைபடத்தில் இதில் ஒன்றைக் கண்டால் அங்கே மலையைக் கடக்கலாம், காற்று அடிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் சாதாரணமாக ஹைக்கிங் என்றே சொல்வார்கள், பள்ளத்தாக்கு வழியே நீந்தியும் குதித்தும் போவதற்குக் ‘க்ளூஃபிங்’ என்று பெயர். ஐந்து நாள் ஓட்டர் டிரெய்லில் நான்காம் நாள் புளூக்ரான்ஸ் ஆற்றைக் கடல் ஓதம் வற்றும் நேரத்தில் கடக்க வேண்டும். அதனால் அன்று எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதை ஓத அட்டவணைதான் சொல்லும். அங்கிருந்துதான் ட்ரெக் என்ற சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தது. மாட்டுவண்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் குடிபெயர்வதே அதன் பழைய பொருள். 1964-இல் கர்னல் ஜிம்மி ராபர்ட்ஸ் காத்மாண்டுவில் மௌன்டன் டிராவல் நிறுவனத்தைத் தொடங்கி, சமையல்காரர், சுமைதூக்குவோர் சகிதம் வாரக்கணக்கில் அழைத்துப் போகும் நடையை ட்ரெக் என்று விற்றார். நேபாளத்தில் இன்றும் ட்ரெக் என்றால் பல நாள், தேநீர் விடுதி அல்லது கூடாரம், உயரத்துக்கு உடலைப் பழக்கும் ஓய்வு நாள்கள் என்றே அர்த்தம். இந்தியாவில் அந்தச் சொல் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அரை நாள் நடையும் ட்ரெக்தான். 2024-இல் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தபோதும் ட்ரெக் என்றே பெயரிட்டது. அவை பெரும்பாலும் ஒரு நாளில் போய்த் திரும்புபவை, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும். நம் செய்தித்தாள்கள் இதையும் ‘மலையேற்றம்’ என்றே எழுதுகின்றன, எவரெஸ்ட் ஏறுவதையும் அப்படியே எழுதுகின்றன. ‘எனக்கு மலையேற்ற அனுபவம் உண்டு’ என்பதை ஆங்கிலத்தில் ‘மௌன்டனீரிங்’ என்று மொழிபெயர்த்து வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினால், உங்களுக்குக் கயிறும் பனிக்கோடரியும் கையாளத் தெரியும் என்று நம்பிவிடுவார்கள்.

அடுப்பு எரிபொருளில் சொல் மாறினால் ஆபத்து நேரடியானது. விமானத்தில் எரிபொருள் கொண்டுபோக முடியாது, போன ஊரில்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் ‘கேஸ்’ என்றால் பெட்ரோல். ‘ஒயிட் கேஸ்’ என்பது அடுப்புக்கான சுத்திகரித்த திரவம், கோல்மன் ஃப்யூயல் என்றும் கிடைக்கும். அதே பொருள் ஆஸ்திரேலியாவில் ‘ஷெல்லைட்’, நியூசிலாந்தில் ‘ஒயிட் ஸ்பிரிட்ஸ்’. ஆனால் பிரிட்டனில் ‘ஒயிட் ஸ்பிரிட்’ என்று கேட்டால் பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தருவார்கள். அதை அடுப்பில் ஊற்றினால் சரியாக ஆவியாகாமல் கரும்புகை கக்கி, குழலை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘கெரசின்’, பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘பாரஃபின்’. அமெரிக்கக் கடையில் பாரஃபின் கேட்டால் மெழுகு கிடைக்கும். ஸ்பிரிட் அடுப்புக்குப் பிரிட்டனில் ஊதா நிறத்தில் விற்கும் ‘மெத்ஸ்’, ஆஸ்திரேலியாவில் ‘மெத்தோ’, அமெரிக்காவில் ‘டினேச்சர்டு ஆல்கஹால்’. அது கிடைக்காத இடத்தில் அமெரிக்க நடையாளர்கள் கார் கடையில் ஹீட் என்ற பெயரில் விற்கும் மஞ்சள் புட்டியை வாங்குவார்கள். அது மெத்தனால், சுத்தமாக எரியும், ஆனால் நச்சு. கையில் பட்டால் கழுவிவிட வேண்டும், மூடிய கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது. அதன் சிவப்புப் புட்டி வேறு சரக்கு, பாத்திரம் முழுக்கக் கரி பிடிக்கும். குழப்பமே வேண்டாம் என்றால் திருகி மாட்டும் கேஸ் கேனிஸ்டர் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகு அளவு இந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒன்றே, கடையில் அடுப்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

முன்பின் தெரியாத ஊரில் யாராவது நடைக்கு அழைத்தால், அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு ஐந்து விஷயம் கேளுங்கள்: மொத்த தூரமும் மொத்த ஏற்றமும் எவ்வளவு (மைலா கிலோமீட்டரா, அடியா மீட்டரா), வழியில் அடையாளம் எப்படி இருக்கும், பாலமில்லாத ஆறோ கை வைத்து ஏறும் பாறையோ உண்டா, தங்குமிடத்தில் படுக்கை, தண்ணீர், அடுப்பு இவற்றில் எது இருக்கும், அனுமதியோ முன்பதிவோ வேண்டுமா. ஏற்றத்தைக் கேட்கும்போது அலகை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘மூவாயிரம் ஏற்றம்’ என்று அமெரிக்கர் சொன்னால் அது அடி, 914 மீட்டர்தான், ஒரு நல்ல நாளில் முடித்துவிடலாம். அதையே மீட்டர் என்று எடுத்துக்கொண்டு பயந்து விலகுகிறவர்களும் உண்டு, மீட்டர் கணக்கில் சொன்னதை அடி என்று நினைத்து காலை பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு.